நாற்காலியிலிருந்து கழிப்பறை வரை

மறதிநோயைப் பற்றி எழுதுகிறவர்கள், பெற்ற மகனின் பெயரை மறந்துவிட்ட தாயைப் பற்றியும், பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தப்பிய தந்தையைப் பற்றியும் உருக்கமாக எழுதுவதுண்டு. ஆனால் அந்தத் தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தை மெய்யாகவே நிலைகுலையச் செய்பவை, இரவில் இரண்டு முறை நனைந்துபோகும் படுக்கையும், கூடத்து மூலையில் எழும் நாற்றமும், இவற்றை நெருங்கிய உறவினரிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத சங்கோசமுமே என்பதை, அந்த வீடுகளுக்குள் ஒரு வாரம் தங்கியவர்கள் அறிவார்கள். வைத்தியரிடம் போனாலும், தூக்கத்தைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் கேட்டு முடித்து, எழுந்து, கதவில் கை வைத்த பிறகே, “இன்னொண்ணு டாக்டர்...” என்று மருமகள் தயங்கித் தொடங்குவாள், அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்திருப்பார்.

இத்தனைக்கும் இது நோயின் சரித்திரத்தில் முதல் நாள் முதலே பதிவாகியிருக்கும் விஷயம். அலாய்ஸ் அல்ஸைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர், 1901இல் பிராங்பர்ட் மனநல விடுதியில் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்மணி ஒருவரைக் கண்காணித்து, அந்த அம்மையார் 1906இல் இறந்த பின் மூளையைப் பரிசோதித்து, அவ்வாண்டு நவம்பர் 3ஆம் தேதி ட்யூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில் தம் முடிவுகளைச் சொன்னார். பிறகு அச்சில் வந்த அந்தச் சிறிய அறிக்கையிலேயே, கடைசிக் காலத்தில் அவர் கால்களை மடக்கிக்கொண்டு படுக்கையிலேயே மலஜலம் கழித்துக் கிடந்ததும், எவ்வளவு பேணியும் படுக்கைப் புண் வந்ததும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நம் தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடுகளில்தான் இருக்கிறார்கள். இவ்வளவு பொதுவான ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் தனக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக எண்ணி மறைத்துக்கொள்வதால், சுலபமாகத் தீர்க்கக்கூடிய பாதிக் கஷ்டமும் தீராமலே நின்றுவிடுகிறது.

ஏனெனில், “பெரியவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது, இனி இப்படித்தான்” என்ற தீர்ப்பு, பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. சிறுநீர் கழிப்பது ஒரே காரியம் போலத் தோன்றினாலும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உந்துதலை உணர்ந்து, அது இன்னதென்று அறிந்து, எழுந்து, வழி கண்டு, கதவைத் திறந்து, ஆடையை விலக்கி, உரிய இடத்தில் அமர்ந்து, அதன் பின்பே தசையைத் தளர்த்துவதாகிய பல சிறு காரியங்களின் சங்கிலி அது. அதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது நனைந்த வேட்டி மட்டுமே. எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடுவதே பராமரிப்பவருடைய முதல் வேலை என்பது என் அபிப்பிராயம்.

உடலின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். சிறுநீர்ப்பை என்பது சிறுநீரகங்களிலிருந்து துளித்துளியாக இறங்கும் நீரைச் சேமிக்கும் தசைப்பை. 150 முதல் 200 மில்லி சேர்ந்த அளவில் முதல் உணர்வு தோன்றுகிறது; 400, 500 மில்லி ஆகும்போது அது அவசரமாகிறது. நீர் சேரும் நேரமெல்லாம் பையின் சுவர்த்தசை தளர்ந்தும் வாய்த்தசை இறுகியும் இருக்க வேண்டும்; கழிக்கும்போது சுவர் இறுகி வாய் தளர வேண்டும். இந்த மாற்றத்தை நடத்திவைக்கும் மையம் மூளைத்தண்டில் இருப்பதை, பாரிங்டன் என்ற ஆங்கிலேயர் பூனைகளை ஆராய்ந்து 1925இல் வெளியிட்டார். கைக்குழந்தைக்கு இந்த மையம் ஒன்றே எஜமான். பை நிறைந்தால் திறந்துவிடும். இரண்டு மூன்று வயதில்தான் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்மடல் அதன்மேல் அதிகாரம் செலுத்தக் கற்கிறது. ஏரி நிறைந்திருந்தாலும், பாய வேண்டிய வயல் எது, திறக்க வேண்டிய வேளை எது என்று பார்த்து மதகைத் திறக்கும் நீர்க்கட்டியைப் போல, இடமும் காலமும் சபையும் பார்த்து அனுமதி தருவது முன்மடலின் உத்தியோகம்.

1964இல் லண்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ, நேதன் என்ற இரு வைத்தியர்கள், முன்மடலின் உட்பகுதியில் கட்டியோ ரத்தக்கசிவோ ஏற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று சிறுநீர் முட்டி வெளியேறிவிடுவதைக் கண்டார்கள். அவர்களுடைய கட்டுரையில் நான் முக்கியமாகக் கருதுவது மற்றொன்று: அந்த நோயாளிகளில் பலர் புத்தி தெளிவாகவும், நடந்ததற்காக மிகவும் வெட்கப்பட்டுக்கொண்டும் இருந்தார்கள். அடக்கும் சக்தி போனால் மானமும் போய்விட்டது என்று நாம் எண்ணிக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை. நனைந்த வேட்டியை நான்காக மடித்து பீரோவில் துவைத்த துணிகளுக்கு அடியில் செருகி வைக்கும் முதியவரை வீட்டார், “அழுக்கும் தெரியவில்லை, வெட்கமும் இல்லை” என்று நொந்துகொள்கிறார்கள். வெட்கம் இல்லாதவர் ஒளித்து வைக்க மாட்டார்.

மறதிநோய் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது பல நோய்களின் தொகுதி ஆதலால், இந்தத் தொல்லை தோன்றும் காலமும் ஒவ்வொன்றிலும் வேறுபடுகிறது. அல்ஸைமர் நோயில் இது சாதாரணமாகப் பிற்பகுதியில் வருகிறது. மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபடுவதால் வரும் மறதியில் ஆரம்பத்திலேயே வந்துவிடலாம். இவற்றினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நடை தளர்ந்து, பாதங்கள் தரையோடு ஒட்டியதுபோல இழுபட்டு, அதனுடன் மறதியும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வந்தால், மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கொலம்பியா தேசத்தைச் சேர்ந்த சாலமோன் ஹக்கீம் என்ற அறுவை மருத்துவர், ரேமண்ட் ஆடம்ஸ் முதலிய அமெரிக்க வைத்தியர்களுடன் சேர்ந்து 1965இல் விவரித்த இந்த நோயில், தேங்கிய நீரை மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குள் வடியச் செய்தால் பலர் தேறுகிறார்கள். நடைதான் முதலில் சீராகும்.

இனி நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு வருவோம். தஞ்சை ஜில்லாக் கிராமம் ஒன்றில் எழுபது வருஷங்களுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, சென்னையில் நான்காவது மாடியிலிருக்கும் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இரண்டு கழிப்பறைக் கதவுகளைத் தாண்டிக்கொண்டு நேரே பால்கனிக்குப் போய், அங்கிருந்த துளசித் தொட்டிக்குப் பக்கத்திலேயே சிறுநீர் கழிப்பார். துளசிக்கு இப்படியொரு அபசாரமா என்று மருமகள் அழுதாள். அவர் வேண்டுமென்றே செய்வதாக மகன் கோபித்துக்கொண்டார். பெரியவரின் மனத்திலிருந்த வீட்டின் படத்தை வரைந்து பார்த்திருந்தால் காரணம் உடனே விளங்கியிருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதற்கப்பால் கொல்லை. வீட்டின் நீளம் முழுவதும் நடந்து, வானம் தெரியுமிடத்தில், செடிகொடிகளுக்கு நடுவே கழிப்பதுதான் அவர் அறிந்த நாகரிகம். பழைய ஞாபகங்கள் கடைசி வரை நிற்க, புதியவை முதலில் அழிகின்றன என்ற நியதியை பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881லேயே எழுதியிருக்கிறார். மகன் வீட்டுக் கழிப்பறை அழிந்துபோன பின்பு, கொல்லை மிஞ்சி நின்றது.

அந்த வீட்டில் பின்பு செய்தவை சின்னஞ்சிறு காரியங்கள். தொட்டிகளை வேறிடத்துக்கு மாற்றி, பால்கனிக் கதவின் மேல் சுவரின் நிறத்திலேயே ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். கழிப்பறைக் கதவை எப்போதும் விரியத் திறந்துவைத்து, உள்ளே விளக்கெரிய விட்டு, வாசலில் கண்ணில் படும்படி ஒரு வாளி ஜலமும் பித்தளைச் சொம்பும் வைத்தார்கள். எழுத்து ஒட்டிய பலகை செய்யாததைச் சொம்பு செய்தது. அதற்கு மேலாக, பேச்சு பெரும்பாலும் நின்றுபோன அந்த மனிதரிடம் ஓர் அடையாளத்தையும் கண்டுபிடித்தார்கள்: உந்துதல் வரும்போது அவர் கை தானாகவே பூணூலைத் தேடி எடுத்து வலக்காதில் மாட்டப் போகும். வாய்மொழி போன பின்பும் கையின் பழக்கம் போகவில்லை. ஒவ்வொருவரிடமும் இப்படி ஏதாவது ஓர் அறிகுறி இருக்கும். ஒருவர் வேட்டி மடிப்பைப் பிரித்துப் பிரித்துச் செருகுவார், ஓர் அம்மாள் எழுந்து எழுந்து உட்காருவாள், இன்னொருவர் காரணமில்லாமல் எரிந்து விழுவார். வீட்டில் இருப்பவர்கள்தாம் இதைக் கண்டுகொள்ள முடியும். எந்த ஸ்கேனிலும் தெரியாது.

நவீன கழிப்பறைகளின் வெண்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைத் தரையும் வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கோப்பையுமாக இழைத்துக் கட்டிய அறை, நிறங்களின் வேறுபாட்டைப் பிரித்தறியும் சக்தி குறைந்துபோன கண்ணுக்கு வெறும் வெளிச்சமாகவே தெரியும். எங்கே உட்காருவதென்று புரியாமல் அவர் திரும்பி வந்துவிடுவார். இருக்கையை நீலத்திலோ சிவப்பிலோ மாற்றினால் அது கண்ணுக்குத் தட்டுப்படும். கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தை உள்ளே நிற்கும் அந்நியனென்று எண்ணி வெளியேறிவிடுபவர்களும் உண்டு, கண்ணாடியைக் கழற்றிவிடலாம். ஆயுள் முழுதும் குந்தி உட்கார்ந்து பழகிய பெண்மணிக்கு உயர்ந்த கோப்பையில் கால் தொங்க உட்காருவது அச்சத்தைத் தருமாதலால், காலடியில் ஒரு சிறு மணையும் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வேண்டும். பாவாடை நாடா முடிச்சு விழுந்த அந்த அரை நிமிஷத்திலேயே பல விபத்துகள் நிகழ்கின்றன என்பதால், நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தைப்பதும், நைட்டியும், ஒட்டும் பட்டி வைத்த வேட்டியும் பெரிய வைத்தியங்களுக்குச் சமானம்.

நேற்று வரை ஒழுங்காக இருந்தவர் திடீரென்று நனைக்கத் தொடங்கினால், மறதிநோய் முற்றிவிட்டதென்று முடிவு கட்டாமல், உடம்பில் வேறென்ன புதிதாக நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கலாம். எரிகிறது என்று சொல்லத் தெரியாததால் குழப்பமும் கோபமுமே அதன் அடையாளமாக இருக்கும். சர்க்கரை ஏறியிருக்கலாம். மலச்சிக்கலோ மிகவும் வஞ்சகமான விருந்தாளி: குடலின் கடைசியில் இறுகிக் கட்டியான மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதோடு, மேலே தேங்கிய நீர்த்த மலம் அதன் ஓரங்களில் கசிந்து வெளியேறுவதால், வீட்டார் பேதி என்று நினைத்து மலத்தைக் கட்டும் மாத்திரையைக் கொடுத்து நிலைமையை மேலும் மோசமாக்கிவிடுவார்கள்.

மருந்தே காரணமாவதும் உண்டு. மறதிநோய்க்குக் கொடுக்கப்படும் டோனெபசில் போன்ற மாத்திரைகள், மூளையில் குறைந்துபோன அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் தடுத்து ஞாபகத்துக்குச் சிறிது கைகொடுக்கின்றன; ஆனால் சிறுநீர்ப்பையின் சுவர்த்தசையை இறுகச் செய்வதும் அதே ரசாயனம் ஆதலால், சிலருக்கு முட்டிக்கொண்டு வரும். அதை நிறுத்துவதற்கு இன்னொரு வைத்தியர் ஆக்சிபியூட்டினின் எழுதுவார். அது அசிட்டைல்கோலினின் வேலையை உடம்பெங்கும், மூளையிலும், மறித்துக் குழப்பத்தை அதிகரிக்கும். ஒரே நோயாளியின் வாயில் காலையில் ஒன்றும் மாலையில் அதற்கு எதிரானதுமாக இரண்டு மாத்திரைகள் போகின்றன. கனடாவில் ஒன்டாரியோ மாகாண முதியவர்களைப் பற்றி 2005இல் வெளியான ஆராய்ச்சி, மறதிநோய் மருந்து பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட அதிகமாக, இந்த இரண்டாவது வகை மருந்து புதிதாக எழுதப்படுவதைக் காட்டியது. எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் ஒரே வைத்தியரிடம் காட்டுவது நல்லது. எதையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிகவும் பயனுள்ளது, நேரம் அறிந்து அழைத்துப்போவது. மூன்று நாட்களுக்கு, எப்போது குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தார் என்று காலண்டர் தாளின் பின்புறத்தில் குறித்துவந்தால் போதும். ஒழுங்கே இல்லை என்று எண்ணியிருந்த இடத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். அந்த நேரங்களுக்குச் சற்று முன்பாக, பெரும்பாலும் இரண்டு மணிக்கொருதரம், நினைவூட்டி அழைத்துப்போகும் முறையை 1980களில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஷ்னெல் முதலியவர்கள் சோதித்து, பகல்நேர நனைதல் குறைவதைக் கண்டார்கள். யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதும் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். மலத்துக்கு இயற்கையே ஒரு வேளையை வைத்திருக்கிறது: வயிற்றில் ஆகாரம் விழுந்ததும் பெருங்குடல் அசையும் ஆதலால், காலைக் காப்பிக்கும் பலகாரத்துக்கும் பின் அரைமணிக்குள் உட்காரவைப்பது உத்தமம்.

அழைக்கும் பாஷைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. “ஒண்ணுக்கு வருதா?” என்று கேட்டால், வந்தாலும் “இல்லை” என்ற பதிலே வரும், கேள்வியே குழந்தையிடம் கேட்பது போலிருக்கிறது. “அப்பா, சாப்பாடு ஆறிடும், கால் கழுவிட்டு வந்துடலாம், வாங்க” என்று மகள் சொன்னால் அவர் எழுந்துவிடுவார், “அத்தே, விளக்கேத்தணும், முகம் கழுவிட்டு வரலாமா?” என்றால் மாமியாரும் எழுவாள். நம் வீடுகளில் மாமனாருக்கு மருமகள் ஆடை மாற்றுவதிலும், தாய்க்கு மகன் கழுவிவிடுவதிலும் இரு தரப்புக்கும் உள்ள லஜ்ஜையை நான் அற்பமாக நினைக்கவில்லை. மடியில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டே கீழாடையை மாற்றவும் கழுவவும் முடியும். வெந்நீரும், முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தொடுவதும், கதவைச் சாத்துவதும், ‘இப்போது என்னை அவிழ்க்கிறார்கள்’ என்ற பயத்தினால் எழும் அடிதடியில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும்.

திட்டினாலும் ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவாரே என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், அல்ஸைமர் நோயாளிகளுக்குச் சோகப் படக் காட்சிகளையும் மகிழ்ச்சிக் காட்சிகளையும் காட்டினார்கள். சிறிது நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதையே பெரும்பாலும் மறந்துபோனவர்கள், காட்சி தந்த சோகத்தையும் சந்தோஷத்தையும் அதற்கப்பாலும் சுமந்துகொண்டிருந்தார்கள். திட்டிய வார்த்தை மறந்துபோகும். திட்டு வாங்கிய மனசு அன்று மாலை வரை கனத்திருக்கும், அதற்குக் காரணம் தெரியாததால் இன்னும் அதிகமாக. ஆனால் நள்ளிரவில் மூன்றாவது முறையாக விரிப்பை மாற்றும் மனைவிக்கோ மருமகளுக்கோ கோபமே வரக் கூடாதென்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. கோபம் வந்தால் கதவுக்கு வெளியே வந்துவிட்டு, இன்னொருவரை உள்ளே அனுப்பத்தக்க ஏற்பாடு வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று குடும்பத்து ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

தண்ணீரைக் குறைத்தால் நனைவது குறையும் என்று எண்ணுவது இயல்பு, நடப்பது நேர்மாறு. செறிந்த சிறுநீர் பையை உறுத்தி அடிக்கடி உந்தும். கிருமி சேரவும் மலம் இறுகவும் வழிசெய்யும். இருதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ வைத்தியர் அளவு விதித்திருந்தாலொழிய, நாளில் ஒன்றரை லிட்டர் அளவுக்கு, பெரும்பகுதி மாலைக்கு முன்பே, கொடுத்துவிட வேண்டும். இரவில் அதிகம் போவதற்கு முதுமைக்கே உரிய காரணங்கள் உண்டு: இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் இளமையில் போல் சுரப்பதில்லை, பகலில் கால்களில் இறங்கித் தங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி வடிகிறது. பிற்பகலில் ஒரு மணிநேரம் கால்களை உயர்த்தி வைத்துப் படுக்கச் செய்தால் அந்த நீர் பகலிலேயே போய்விடும்.

இவ்வளவுக்குப் பின்னும் நனைவது நிற்காத காலம் வரும். அப்போது டயப்பரை வெறுப்பதில் அர்த்தமில்லை, ஆனால் முதல் நாளே அதைக் கட்டிவிட்டுக் கழிப்பறையை மறந்துவிடுவது, மிச்சமிருக்கும் பழக்கத்தையும் நாமே பறிப்பதாகும். அதற்குள் இருக்கும் பாலிமர்ப் பொடி, உப்புக் கலந்த சிறுநீரிலும் தன் எடையைப் போல் சுமார் 30 மடங்கை உறிஞ்சிக் கூழாக்கிக்கொள்ளும் என்பது உண்மை. எனவே காசைப் பார்த்து, கனக்கும் வரை விட்டுவைக்கிறார்கள். தோல் இயல்பாகச் சிறிது அமிலத்தன்மை உள்ளது. சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைத்து அமோனியாவாக்க, அந்த அமிலம் கெட்டுக் காரமாகிறது. அதில் மலமும் சேர்ந்தால் அதிலுள்ள செரிமான நொதிகள் காரத்தில் வீரியம் பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஆகையால் மலம் பட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. சோப்பும் காரமே, வெறும் வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பழந்துணியும் போதும், தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். துத்தநாகக் களிம்பை மெல்லியதாகத் தடவலாம். பட்டை பட்டையாக அப்பினால் டயப்பர் உறிஞ்சாது. முகப் பவுடரைக் கொட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், ஈரத்தில் அது கட்டிகட்டியாகத் திரண்டு மடிப்புகளில் உரசும். படுக்கையில் ரப்பர் ஷீட்டின்மேல் பழம் பருத்திப் புடவையை நாலாக மடித்து விரித்தால், இரவில் மெத்தையைத் தொடாமல் புடவையை மட்டும் உருவி மாற்றிவிடலாம்.

பல வீட்டார் கடைசியில் கேட்பது, குழாய் போட்டுவிட்டால் என்ன என்பது. சிறுநீர் அடைத்துக்கொண்டு வெளியேற முடியாத நிலைக்கும், ஆறாத புண்ணை நனையாமல் காக்க வேண்டிய நிலைக்கும் அது வேண்டியதுதான்; ஆனால் நாட்கள் செல்லச் செல்ல அதன் வழியே கிருமி ஏறுவது ஏறக்குறைய நிச்சயம், மேலும் தம் உடம்பில் ஏதோ தொங்குகிறது என்று மட்டும் அறிந்த மறதி நோயாளி, உள்ளே ஊதப்பட்டிருக்கும் பலூனோடு அதைப் பிடுங்கி ரத்தம் பெருக்கிக்கொள்வதை ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காணலாம். ஆண்களுக்கு இரவில் மட்டும் வெளியே மாட்டும் உறைக்குழாய் இதைவிட ஆபத்துக் குறைந்தது. அளவு பார்த்து வாங்கி, இறுகாமல் மாட்டி, காலையில் கழற்றித் தோலைக் கழுவி உலரவிட்டு, மறுநாள் இரவு புதியதையே மாட்ட வேண்டும்.